பச்சைப் பட்டனை அமுக்கிய சொந்தங்கள்

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை முடிந்தால் ஆப் வடிவமைப்பேன். சுற்றுவட்டாரத்தில் எங்கே காதுகுத்து, எங்கே கிரகப்பிரவேசம், எந்தக் கோயிலில் கூழ் என்று போனே சொல்லிவிட வேண்டும். பச்சையில் ‘வருகிறேன்’, சிவப்பில் ‘வரவில்லை’ என்று இரண்டு பட்டன்கள். அந்தப் பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாட்டுக்கு ஒரு பெண்ணையே பார்த்து முடித்திருக்கலாம்.

முதல் நிகழ்ச்சி என் தங்கை மகளின் காதுகுத்து. தங்கை விரும்பிக் கட்டிக்கொண்டவள். “உன் பக்கத்துச் சனம் வருதா பாக்கலாம்” என்று அவள் மாமியார் குத்திக்கொண்டே இருந்தார். அதனால் தங்கை தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எங்கள் சொந்தங்கள் இருக்கும் பொதட்டூர்பேட்டை வரை வீடு வீடாகப் போய் அழைக்கக் கிளம்பினாள்.

“பஸ் ஏறிக்கினு பேஜாரு படாத. ஆப் இருக்கு” என்று தடுத்தேன்.

சொந்தங்கள் எல்லோருக்கும் ஆப்பிலேயே அழைப்பு அனுப்பினேன். பச்சை மழையாகக் கொட்டியது. சிவப்பை ஒருவர்கூடத் தொடவில்லை. தங்கை பெருமையாக மாமியாரிடம் போனைக் காட்டினாள்.

காதுகுத்து அன்று புதுவாயல் மண்டபத்தில் அவர்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. எங்கள் பக்கம் அப்பா, அம்மா, நான், பிரியாணி அண்டா. தாய்மாமன் என் மடியில் உட்கார்ந்து குழந்தை அழுதது. எனக்கும் அழுகைதான் வந்தது.

அப்போது ஒரு கூட்டம் உள்ளே வந்தது. பக்கத்து விடுதியில் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிகள், பாதிப் பேர் வடக்கத்திப் பையன்கள். ‘அருகில் உள்ள நிகழ்ச்சிகள்’ பகுதியை யாரும் பார்க்கலாம்; அதற்குப் பூட்டுப் போட மறந்திருந்தேன். பட்டனை அமுக்காமலே வந்த புண்ணியவான்கள்.

“இவங்கல்லாம் யாரு?” என்றார் மாமியார்.

“அண்ணனோட சனம் அத்தை” என்று சொல்லிவிட்டு, தங்கையே நின்று பரிமாறினாள். அப்புறம் சமையல்கட்டுக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொதட்டூர்பேட்டைப் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

“இன்னா பெரிப்பா, வரேன்னு அமுக்கினீங்களே?”

“நல்ல காரியத்துக்கு வரலன்னு எவனாச்சும் அமுக்குவானா நைனா?”

“அப்புறம் ஏன் வரல?”

“நீங்க கூப்டவே இல்லியே! ஊட்டுக்கு வந்து தாம்பாளம் வெச்சீங்களா?”

ஆப்பைத் தூக்கிக் கடாசினேன். அந்தப் பச்சைக்காக மட்டும் இன்னும் வருத்தம் உண்டு.

போன மாதம் தங்கை என் வீட்டு வாசலில் நின்றாள். செருப்பெல்லாம் புழுதி. கையில் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு தாம்பாளம். இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து.

“எல்லார் ஊட்டுக்கும் போய்க்கினு வந்துட்டேன். உன்னுதுதான் கடைசி.”

“மடியில உக்கார வெக்கப் போறவன் நானு. எனக்கே தாம்பாளமா?”

“உனக்குந்தான். வெக்கலன்னா நாளைக்கு நீயும் கூப்டவே இல்லன்னுவ.”

சுருக்கென்றது. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.