சந்தனம் ஒட்டாத பளபளப்பு

அக்டோபர் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறே கால் மணி. நான் ஆறாம் வகுப்பில் இருந்த ஆண்டின் ஆயுத பூஜை நாள் அது. நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அதைக் காரில் திருத்தி வைத்தவள் நான் என்பதே. பல மாதங்களாகக் கழற்றி வைத்திருந்த பேட்டரியை மாமா மறுபடியும் இணைத்ததும், ஸ்டியரிங்குக்கு அருகில் இருந்த சின்னக் கடிகாரம் ஒரு மணி என்று காட்டி மின்னிக்கொண்டிருந்தது. “டைம் வெச்சு விடுடி” என்றார் மாமா. கூடத்தில் அம்மாவின் படத்துக்கு மேலே தொங்கிய கடிகாரத்தை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, பொத்தானை அழுத்தி அழுத்தி ஆறே காலுக்குக் கொண்டுவந்தேன். சரியான நேரம் காட்டத் தொடங்கிவிட்ட காரை யாரும் விற்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

விற்கப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. மறுநாள் விஜயதசமி. பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் அந்த நல்ல நாளிலேயே எடுத்துக்கொண்டு போவதாகவும் பேச்சு.

அது அம்மாவின் கார். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் காலையில் அதை அவள்தான் ஓட்டுவாள். அப்பாவைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, தான் ஆசிரியையாக இருந்த பள்ளிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போவாள். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இருந்ததில்லை. இடப்பக்க இருக்கையில் அமர்ந்து, அம்மா பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் தன் காலையும் தரையில் அழுத்துவார். “நீங்க ஒரு பிரேக்கு, நான் ஒரு பிரேக்கு. வண்டிக்குத் தனியா எதுக்குங்க?” என்று அம்மா சிரிப்பாள். முந்தைய டிசம்பரில் அவள் காய்ச்சலில் படுத்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் இல்லை. அதன்பின் கார் போர்டிகோவிலேயே நின்றது. போர்டிகோ குட்டையானது, காரின் முன்பாதி எப்போதும் வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கும். செக்கச்செவேலென்று இருந்த பானெட், செங்கல் பொடியைத் தூவியதுபோல வெளிறிப்போயிற்று.

மாமா என்று நான் சொல்வது அம்மாவின் தம்பியை. மாடம்பாக்கத்திலிருந்து ஞாயிறுதோறும் எங்களைப் பார்க்க வருவார். அவர் என் அப்பாவையும் மாமா என்றே கூப்பிடுவார்; அக்காவின் கணவரை அப்படி அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவுக்கு அவர் மாப்ள. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பெயின்ட் எல்லாம் போச்சு மாமா. நிக்க நிக்க வீணாத்தான் போகும். இனிமே இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்?” என்றார். அந்த வாரத்திலிருந்து விற்பனைப் பேச்சு தொடங்கியது.

குழந்தைகள் காரணங்களை நேர்க்கோட்டில் அடுக்குகிறவர்கள். பெயின்ட் போனதால் கார் போகிறது. பெயின்ட் திரும்பினால் கார் தங்கும். இதில் பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆகவே, கேம்ப் ரோட்டில் மளிகை வாங்கப் போன கடையில், கடைசி அடுக்கில் அந்த டப்பாவைக் கண்டதும் எடுத்துக் கூடையில் போட்டேன். உள்ளங்கை அளவு வட்டத் தகர டப்பா. கார் மெழுகு. மூடியில் ‘பழைய பளபளப்பைத் திரும்பத் தரும்’ என்று எழுதியிருந்தது. அச்சில் வந்த வாக்கியங்களை அந்த வயதில் நான் முழுமையாக நம்பினேன். எந்தப் பொருளையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் அப்பா, அன்று மூடியை ஒருமுறை படித்துவிட்டுக் கூடையிலேயே வைத்தார். அவரும் என் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு அந்த டப்பாவைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை.

“எங்க மாமா புடிச்சீங்க இத? ரசப்பொடி பக்கத்துல வெச்சிருந்தானா?”

“பினாயில் பக்கத்துல” என்றார் அப்பா.

“இதெல்லாம் சும்மா பந்தா மாமா. இன்னிக்கு மினுக்கும், ஒரு மழைல பல்லிளிச்சிடும். என் ஃப்ரெண்டு கடைல ஃபாரின் வேக்ஸ் வெச்சிருக்கான். கொஞ்சம் வாங்கிட்டு வந்திருக்கேன், பாருங்க.”

“எல்லாம் மெழுகுதானே மாப்ள.”

“எல்லாம் மெழுகா? இட்லியும் களியும் ஒண்ணா மாமா?”

முடிவில் பானெட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு டேப்பை ஒட்டினார் மாமா. வலப்பாதி அப்பாவின் மளிகைக்கடை மெழுகுக்கு. இடப்பாதி மாமாவின் ஃபாரின் மெழுகுக்கு. நான் நடுவர். எனக்கு எதுவானாலும் சம்மதமாயிருந்தது. இரண்டில் ஒன்றாவது காரைக் காப்பாற்றினால் போதும்.

துடைக்கத் துணி வேண்டியிருந்தது. அப்பா கொண்டுவந்த பழைய பனியனை மாமா தடவிப் பார்த்துவிட்டு, “இது சொரசொரன்னு இருக்கு மாமா, கோடு விழும். பழைய காட்டன் புடவை இருந்தா குடுங்க, அதான் சரி” என்றார். எங்கள் வீட்டில் பழைய காட்டன் புடவைகள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. அப்பா உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. சற்றுக் கழித்து, பூஜைக்கென்று எடுத்து வைத்திருந்த தன் புது வேட்டியோடு வந்து, எங்கள் எதிரிலேயே அதைக் குறுக்கே கிழித்தார். “ஐயோ மாமா!” என்றார் மாமா. அப்பாவுக்குத் துணிகளின் தராதரம் தெரியவில்லை என்று நான் நினைத்தேன்.

மெழுகைத் துணியில் தொட்டுச் சின்னச் சின்ன வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் அது பால் ஆடைபோல வெளுத்து நிற்கும். பிறகு வேறொரு துணியால் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். முதல் முறை துடைத்தபோது என் துணி சிவப்பாகிவிட்டது. நான் பயந்துபோய்க் கையை எடுத்தேன்.

“ஒண்ணும் ஆகலடி. மேல இருக்கிறது செத்துப்போன பெயின்ட். அது வந்துட்டா உள்ள இருக்கிற நல்ல…” என்று தொடங்கிய மாமா, பாதியில் நிறுத்திவிட்டுத் தன் துணியை உதறினார். அதில் உதற எதுவும் இருக்கவில்லை.

ஆனால் அவர் சொன்னது உண்மைதான். துணி சிவக்கச் சிவக்க, பானெட்டும் சிவந்தது. ஒன்பது மணி வெயிலில் எதிர்வீட்டு வேப்பமரம் அதில் தலைகீழாகத் தெரிந்தது. அப்பா என்னோடு சேர்ந்து குனிந்து, வேர்வை சொட்டச் சொட்டத் தேய்த்தார். அவர் வீட்டு வேலை எதையும் அத்தனை அக்கறையோடு செய்து நான் பார்த்ததில்லை. அவர் தேய்த்தது வருகிறவருக்குப் பிடிக்க வேண்டும் என்று. நான் தேய்த்தது அப்பாவுக்குப் பிடித்துப்போக வேண்டும் என்று. ஒரே டப்பாவிலிருந்து எடுத்து, ஒரே இரும்பில், நாங்கள் எதிரெதிராகத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

வலப்பாதியில், முன்கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டம் இருந்தது. சென்ற ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்து விட்டுச்சென்ற கறை. அப்போதே அப்பா அதை ஈரத்துணியால் துடைக்கப் போனார். “விடுங்க, தானா போகும்” என்றாள் அம்மா. சந்தனம் மழையில் போயிற்று. கறை மட்டும் பெயின்ட்டில் இறங்கி நின்றுவிட்டது. அப்பாவின் கை அந்த இடத்துக்கு வந்ததும், வாசலில் கோலத்தை விட்டுச் சுற்றிலும் பெருக்குவதுபோல, அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

“அப்பா, இங்க விட்டுட்டீங்க.”

“இருக்கட்டும்.”

“நல்லா தெரியுதுப்பா. அங்க மட்டும் அசிங்கமா இருக்கு.”

“நான் பாத்துக்கறேன் மாமா” என்று மாமா துணியோடு கையை நீட்டினார். அப்பா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பலமாக அல்ல, பிடித்தார், அவ்வளவுதான். மாமா அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனவர், வெகுநேரம் வரவில்லை. அப்பா கண்ணாடி போடாமல் வேலை செய்வதால்தான் இப்படி ஆகிறது என்று நான் தீர்மானித்தேன்.

டேப்பை உரித்தபோது எந்தப் பாதி எதுவென்று நடுவரால் சொல்ல முடியவில்லை. மாமாவாலும் முடியவில்லை. “மழை வரட்டும், அப்ப தெரியும்” என்றார் விடாமல்.

மாலையில் பூஜை. சக்கரங்களின் அடியில் மாமா எலுமிச்சம்பழங்களை வைத்தார். வழக்கமாகப் பொட்டு வைக்கிறவள் அம்மா. அப்பா சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார். “நீ வை பாப்பா.”

நான் பானெட்டின் நடுவில் வைத்தேன். சந்தனம் மெதுவாக நழுவி, ஒரு கோடு இழுத்துக்கொண்டு, நம்பர் பிளேட் வரை இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடியும் இறங்கியது. நாங்கள் மெழுகு தேய்த்திருந்த கதவிலும் அப்படியே. இடப்பாதியிலும் அப்படியே. பூஜை நாளில் பொட்டு நிற்காத கார் எங்களிடம் எப்படித் தங்கும்?

“வேக்ஸ் வேலை செய்யுது மாமா, ஒத்துக்கறேன்” என்றார் மாமா. “தண்ணியும் நிக்காது, சந்தனமும் நிக்காது. உங்க பினாயில் கடை வேக்ஸ் பாஸ்.” யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில், வேறிடமில்லாமல், மெழுகு படாத அந்த வட்டத்தில் வைத்தேன். சந்தனம் நின்றது. அதன்மேல் குங்குமத்தை வைத்தேன், அதுவும் நின்றது. பழைய கறையின் மேல் அளந்து வைத்ததுபோல அது பொருந்தியது. நான் வெற்றியோடு திரும்பினேன். அப்பா கற்பூரம் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனார். கற்பூரம் என் கையிலிருந்த தட்டிலேயே இருந்தது.

எலுமிச்சம்பழம் நசுங்க வண்டியை ஓரடி நகர்த்தலாமா என்று மாமா கேட்டார். “நாளைக்கு அவங்க எடுக்கும்போது நசுங்கட்டும்” என்றார் உள்ளிருந்து அப்பா.

மறுநாள் விடியும்போதே தூறல். நான் எழுந்ததும் வாசலுக்கு ஓடினேன். பானெட் முழுவதும் மழைநீர் மணிமணியாக நின்று உருண்டுகொண்டிருந்தது. வலப்பாதி, இடப்பாதி என்ற வேறுபாடே இல்லை. மளிகைக்கடையின் கடைசி அடுக்கிலிருந்து வந்த அந்த மலிவான மெழுகு, மூடியில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது. இனி யார் வந்தாலும் அப்பா இந்தக் காரைக் கொடுக்கமாட்டார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஒன்பது மணிக்குக் கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். ஓட்டப்போகிறவர் அந்த அம்மாள்தானாம். புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்தார். கணவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“கலர சூப்பரா மெயின்டெயின் பண்ணியிருக்கீங்க சார். நேத்து வரைக்கும் ரெண்டு மனசாத்தான் இருந்தோம். நேர்ல பாத்ததும் வேற பேச்சே இல்ல.”

அந்த வாக்கியத்தை நான் அங்கேயே நின்று கேட்டேன். ஆனாலும் அதன் பொருள் என்னிடம் வந்துசேர நேரமாயிற்று. அதற்குள் அந்த அம்மாள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கால் எட்டவில்லையென்று இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தார். கடகடவென்று அது நகர்ந்த ஓசையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கணவர் இடப்பக்கம் ஏறப் போனவர், மழையில் குங்குமம் கரைந்து வழிவதைப் பார்த்துக் கைக்குட்டையை எடுத்தார்.

“விடுங்க சார்” என்றார் அப்பா. “தானா போகும்.”

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் ஏரிக்கரைப் பக்கம் திரும்பும்வரை அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருப்பத்தில் பின்விளக்குகள் எரிந்தபோது, அவருடைய வலது கால் ஈரத்தரையை மெல்ல அழுத்தியதைப் பார்த்தேன்.

நான் அழவில்லை. உள்ளே போய், ஜன்னலில் இருந்த தகர டப்பாவை எடுத்தேன். பாதிக்குமேல் மீதி இருந்தது. வேட்டித் துண்டையும் எடுத்துக்கொண்டேன். கூடத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, அம்மாவின் படத்துக் கண்ணாடியில் மெழுகை வட்டம் வட்டமாகத் தேய்த்து, வெளுக்கும்வரை காத்திருந்து, துடைத்தெடுத்தேன். கண்ணாடியில் ஜன்னலும் மழையும் தெரிந்தன. நெற்றியில் அப்பா வைத்திருந்த பொட்டை மட்டும் தொடவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போனேன். மெழுகு பூசும் முறையே அதுதான், எங்காவது ஓர் இடத்தை அப்படி விட்டுவிட வேண்டும் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.