மூன்று குத்தும் ஒன்பது உலகங்களும்

செத்துப்போன ஒருவனுக்காக நான் அழுதிருக்கிறேன் என்றால், அவன் செத்தவனாகவே இருக்க வேண்டும். அந்தச் சின்ன மரியாதையைக்கூட அந்தக் கார்ட்டூன் தொடர் எனக்குக் கொடுக்கவில்லை.

காற்றைச் சட்டையாக உடுத்திக்கொண்டு பறக்கிற ஒரு வீரன் அவன். வெளிநாட்டில் அவனுக்கு என்ன பெயரோ, நான் காற்றுச் சட்டைக்காரன் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மலையாளிகளின் இந்த ஊரில், சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய காகிதக் கட்டுக்குள் அவனுடைய படக்கதைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் பின்பாதி இல்லை. அந்தப் பின்பாதியைத் தேடித் தேடித்தான் நான் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு அவன் சினிமாவில் வந்தான். கடைசிப் படத்தில், ஊரை விழுங்க வந்த புயலின்மேல் தன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் உடம்போடு கீழே விழுந்து செத்தான். தியேட்டரில் நான் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த என் மகளிடம் ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து இந்தத் தொடர் வந்தது. ஒன்பது கதைகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஒவ்வொரு கதையும் வேறு ஓர் உலகத்தில் நடக்கிறது. ஓர் உலகத்தில் அந்தச் சட்டை அவன் கையில் கிடைக்காமல் அவனுடைய அக்காவுக்குக் கிடைக்கிறது. இன்னொன்றில் அவனே கெட்டவன். எந்த உலகத்திலும் அவன் சாகவில்லை. செத்தாலும் அடுத்த உலகத்திலிருந்து ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இப்படி என்றால் அன்றைக்கு அவன் எதற்காகச் சட்டையைக் கழற்றினான்? நான் எதற்காகத் துண்டை நனைத்தேன்?

இன்னொரு சந்தேகமும் உண்டு. வரலாறே மாறிப்போய், ஊரும் நாடும் வேறாகிவிட்ட உலகத்தில்கூட அதே ஏழெட்டுப் பேர்தான் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்கிறார்கள். அதே போலீஸ்காரருக்கு எல்லா உலகத்திலும் அதே மீசை. கடலே இல்லாத ஓர் உலகத்தில் மீன் வறுத்துச் சாப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்கிறவன் இல்லை. மண்டியில் என் வேலையே பேசாத வேலை. லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது குத்தூசியோடு நிற்பேன். குத்தூசி என்பது நுனி கூர்ந்த சின்ன இரும்புக் குழல். மூட்டைக்குள் செலுத்தி இழுத்தால் ஒரு பிடி அரிசி உள்ளங்கையில் வந்து விழும். மேலே ஒரு குத்து, வயிற்றில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. சில ஆலைக்காரர்கள் வாய்ப்பக்கம் நல்ல அரிசியை வைத்துத் தைத்துவிடுவார்கள், அதனால்தான் மூன்று. மூன்று குத்தில் மூட்டையின் குணம் முழுவதும் தெரிந்துவிடும். முதலாளி கேட்பது ஒரே கேள்விதான்: "எடுக்கலாமா?" நான் தலையை ஆட்டுவேன், அல்லது ஆட்டமாட்டேன். இத்தனை வருஷத்தில் என் தலை தப்பாக ஆடியதாக யாரும் சொன்னதில்லை.

நான் இந்தப் பறக்கிறவனின் ரசிகன் என்பது மண்டியில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். மூட்டை இறக்குகிற ஒரு மலையாளி. மத்தியானம் நான் கிட்டங்கியில் மூட்டை அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து போனைப் பார்க்கும்போது வந்து எட்டிப் பார்ப்பார்.

"அண்ணாச்சி, உங்க ஆளு செத்துப்போயின்னு சொன்னீங்களே. பின்னே இது ஆரு?"

"இவன் வேற உலகத்துல உள்ளவன்."

"அங்க லோடு இறக்க ஆளு வேணுமான்னு கேளுங்க. எனக்கு இங்க நடு ஒடிஞ்சு போயி."

அவருக்கு நடு என்றால் இடுப்பு. சிரித்து வைத்தேன். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஒன்பது உலகத்திலும் ஓர் அரிசி மண்டி கிடையாது. ஆனால் எல்லாரும் சாப்பிடுகிறார்கள்.

இந்தத் தொடரை நான் அலட்சியமாகத் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். என் மகள்தான் விடவில்லை. நகரத்துக்கு வடக்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற வளாகத்தில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் அவள் தற்காலிகமாக வேலை செய்கிறாள். வெளிநாட்டுக்காரர்கள் கதை அனுப்புவார்கள், இவர்கள் ஏதோ சில பகுதிகளை வரைந்து அனுப்புவார்கள். அப்படி அவர்களிடம் வந்த வேலைகளில் இந்தத் தொடரும் ஒன்று. அதே சமயத்தில், எப்போதோ பரீட்சை எழுதியிருந்த அரசாங்க கிளார்க் வேலைக்கு அவளுக்கு உத்தரவு வந்தது. இந்த ஊரில் அந்த உத்தரவுக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். கார்ட்டூன் கம்பெனியோ, நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறோம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்று கேட்டிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தத் தொடரை ஒம்போதும் பாத்துட்டு அபிப்பிராயம் சொல்லணும். எனக்கு இதுல இருக்கவா, அந்த வேலைக்குப் போகவான்னு தெரியல. நீங்க சொல்லறதை வெச்சுத்தான் தீருமானிப்பேன்."

"எனக்கென்ன தெரியும்?"

"இந்த ஆளை உங்களைவிடத் தெரிஞ்சவங்க எங்க ஆபீஸ்ல இல்ல. கொள்ளாம்னா கொள்ளாம், கொள்ளாதுன்னா கொள்ளாது. சுகிப்பிக்கல் வேண்டாம், கேட்டோ."

அவள் பேச்சில் பாதி இந்த ஊர் மலையாளம்: நன்றாக இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை, முகஸ்துதி வேண்டாம் என்கிறாள். எந்தக் கதையில் அவள் வரைந்தது இருக்கிறது என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள். "சொன்னா அது மட்டும் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்வீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் கதையைப் பார்த்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஐந்தாவதையும், சாயங்காலம் லாரி தாமதமானதால் ஒன்பதாவதையும் பார்த்தேன். மேல், வயிறு, அடி. முதலாவது, மற்ற எல்லா மூட்டையையும்போல வாயில் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவதில் கெட்டவனாகிவிட்ட நம் ஆள் இருபது நிமிஷம் சிரித்தான். ஒன்பதாவதில் எல்லா உலகத்துக் காற்றுச் சட்டைக்காரர்களும் ஒன்றாகக் கூடி ஒரே ஒருவனை அடித்தார்கள். அத்தனை பேர் சேர்ந்து ஒருவனை அடிப்பதைப் பார்க்க நான் சாலைக் கடைத்தெருவை விட்டு வேறு உலகத்துக்குப் போகவேண்டியதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே மகளிடம் சொன்னேன். "மொத்தமும் நொய்தான்." உடைந்த அரிசியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அது அவளுக்குத் தெரியும். அவள் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலாளியும் இப்படித்தான், நான் தலையாட்டாத லாரியை வார்த்தை பேசாமல் திருப்பி அனுப்புவார். நேர்மையாக நடந்துகொண்டேன் என்ற திருப்தியோடு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி நல்ல மீனாக வாங்கி வந்திருந்தாள். அவள் நல்ல மீன் வாங்குவதற்கு எப்போதும் காரணம் இருக்கும்.

"பிள்ளை சம்மதிச்சிட்டா. கவர்மெண்டு வேலைக்கே போறாளாம். நாளைக்கு அந்த படம் வரையற எடத்துல சொல்லிருவா." மீனைக் கழுவிக்கொண்டே பேசினாள். "ஒரு மாசமா நான் கிடந்து கத்தினேன், கேக்கல. நீங்க ஒத்தை வார்த்தை சொன்னீங்க, தீந்துபோச்சு. ஆமா, ஒம்போதையும் எப்ப பாத்தீங்க? நீங்கதான் வீட்டுலயே இல்லயே."

நான் செய்தித்தாளைப் பிரித்தேன்.

ஒரே ஆலையில், ஒரே நெல்லில் அரைத்த மூட்டைக்குத்தான் மூன்று குத்து. லாட்டு மாறினால் மறுபடி குத்தவேண்டும். வேறு ஆலை அரிசிக்கு முதல் ஆலை மூட்டையைக் குத்திப் பார்த்து விலை பேசுகிறவனை மண்டிக்குள் சேர்க்கமாட்டார்கள். ஒவ்வொரு கதையும் வேறு உலகம், வேறு உலகம் என்று மனசுக்குள் இரண்டு நாளாகக் கேலி பண்ணியவன் நான். ஒன்பது ஆலை மூட்டைகளில் மூன்றைக் குத்திவிட்டு, மகளின் வேலையைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அவள் வரைந்தது நான் பார்க்காத ஆறில் இருந்தால்?

செய்தித்தாளை மடித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆறு கதைகள், மூன்று மணி நேரம். நடுவில் மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது தலைவலி என்றேன். மீன் குழம்பு நாளில் எனக்குத் தலைவலி வந்ததே இல்லை என்பதால் அவள் நம்பவில்லை.

எல்லாவற்றையும் பார்த்தேன். மூன்றாவது படுமோசம். ஏழாவதில் காற்றுச் சட்டைக்காரன் ஒரு பண்ணையில் பால் கறக்கிறான். அதை நான் மன்னிக்கப்போவதில்லை. நாலாவது பரவாயில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எட்டாவதில் கடல் எழும்பி ஊர்மேல் வளைந்து நிற்கிற காட்சியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். விழிஞ்ஞத்தில் மழைக்காலத்துக் கடலை அப்படிப் பார்த்திருக்கிறேன். இதுதான் என் பிள்ளை வரைந்தது என்று தீர்மானித்துவிட்டேன்.

நாலு மணிக்கு மாடிக்குப் போனேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது, மகள் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் நானும் இரண்டு துணிகளை எடுத்தேன்.

"நேத்து நான் மூணுதான் பாத்திருந்தேன்" என்றேன்.

"அறியும்."

"எப்படி?"

"ஏழாவதுல பால் கறக்கறான். அதைப் பாத்திருந்தா நீங்க ஒத்தை வார்த்தையோட விட்டிருப்பீங்களா?"

"பின்ன ஏன் கேக்கல?"

அவள் துணியை உதறி மடித்தாள். "மூணுக்குமேல பாக்கத் தோணலன்னா, அதுவும் ஒரு அபிப்பிராயம்தானே அப்பா."

அது எனக்கு வலித்தது. பார்க்கத் தோன்றாமல் இல்லை, அப்படிப் பார்ப்பதுதான் என் வேலையின் வழக்கம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவளே, "இப்ப?" என்றாள்.

"ஒம்போதும் பாத்தாச்சு. கதை எல்லாம் நொய்தான், அதை மாத்திச் சொல்லமாட்டேன். நாலாவது மட்டும் கொள்ளாம். ஆனா அந்தக் கடல்…" கையால் வளைத்துக் காட்டினேன். "உன் வேலைதானே அது? அசல்."

அவள் சிரித்துவிட்டாள். "அது நான் இல்ல. அதைச் செஞ்சவங்க வேற நாட்டுல இருக்காங்க. கேட்டா சந்தோஷப்படுவாங்க."

காது சூடானது. "பின்ன உன்னது எது?"

"ரெண்டாவதுல. அவனும் அவன் அம்மாவும் கொல்லைப்பக்கம் உக்காந்து பேசுவாங்க இல்ல, அந்தச் சுவர்."

"சுவரா?"

"சுவர்தான். மழைத் தண்ணி இறங்கின கறை, பாசி, அடியில காரை பேந்து செங்கல் தெரியற எடம். நாலு மாசம். பத்துத் தடவை திருப்பி அனுப்பினாங்க."

நான் அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தேன். நீளமான காட்சி. அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவர் இருந்ததா என்றால் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் பின்னால் விழுந்திருப்பான். எவ்வளவு யோசித்தும் சுவர் நினைவுக்கு வரவில்லை. சுகிப்பிக்கல் வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்காவிட்டால் ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

"நான் பாக்கல" என்றேன். "அது வரைஞ்சதுன்னே தோணல. அவன் சாஞ்சிருந்தான், சுவர் பாட்டுக்கு இருந்துச்சு."

அவள் கையிலிருந்த சேலையை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சத்தியமா?"

"சத்தியமா. மோசமா இருந்திருந்தா பாத்திருப்பேன். அரிசியும் அப்படித்தான். சரியா இருந்தா எவன் வந்து சொல்றான்? கல்லு கடிச்சாத்தானே வருவான்."

"இதைக் கேக்கத்தான் பத்துத் தடவை வரைஞ்சேன்" என்றாள். பிறகு சேலையை மடித்தாள். மூலைக்கு மூலை சேர்த்து, மெதுவாக. "அம்மா என்ன சொல்லுவா?"

முதல் தூறல் விழுந்தது. கீழே சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் மனைவியிடம் நானாகப் போய் ஒரு விஷயத்தைச் சொன்னதில்லை. அவள் கேட்பாள், நான் தலையாட்டுவேன்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

படி இறங்கும்போது இரண்டு தடவை நின்றேன். சமையலறை வாசலில் நின்று, பிள்ளை பழைய இடத்திலேயே இருக்கட்டும், நான் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றேன். என் மனைவி குழாயை மூடினாள்.

"அங்க என்னதான் வரையறா?"

"சுவர்."

"சுவரா? வீட்டுல நாலு பக்கமும் இருக்கே, அதுக்காகவா கவர்மெண்டு வேலையை வேண்டாங்கறா?"

"ஆமா."

"நீங்களும் சரின்னீங்களா?"

தலையை ஆட்டினேன். பிறகு, அது போதாது என்று பட்டதால், "ஆமா, நான்தான் சொன்னேன்" என்று வாயாலும் சொன்னேன்.

திங்கட்கிழமை மகள் கம்பெனியில் கையெழுத்துப் போட்டாள். தொடரின் அடுத்த பகுதி வருமா என்று இன்னும் தெரியவில்லை. வராவிட்டால் நிரந்தரம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்றும் தெரியவில்லை. என் மனைவியின் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த உத்தரவுக் காகிதம் இன்றைக்கும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அவள் அதை எடுக்கவுமில்லை, என்னோடு சரியாகப் பேசவுமில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்புகிறாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது.

மகள் அந்த கிளார்க் வேலைக்குப் போய்விட்ட ஓர் உலகம் எங்கோ இருக்கிறது, அங்கே என் மனைவி எனக்கு மீன் வறுத்துக் கொடுக்கிறாள் என்று அந்தத் தொடரை எழுதியவர்கள் சொல்லக்கூடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருக்கிறது இந்த ஒன்றுதான். இதில் மூன்று வாரமாக ரசம்.