குழி விழுங்கிய சொல்

நான் நாலாம் வகுப்பில் படித்தபோது பிரதேச சபை எங்கள் தோட்டத்துக்கு வந்தது. சபை என்றால் முழுச் சபையும் அல்ல. ஒரு த்ரீவீலர், அதன் கூரையில் கயிறு போட்டுக் கட்டிய ஸ்பீக்கர், உள்ளே மைக்கைக் கடித்துவிடுவதுபோல் வாயருகே பிடித்திருந்த ஒரு மெலிந்த மனிதர். அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு நான் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்குகிறது.

ருவான்வெல்லையிலிருந்து ரப்பர் காட்டுக்குள் ஏறிவரும் ரோட்டில், எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும் முடக்கில் ஒரு குழி இருந்தது. அது தோட்டத்து ரோடு, தோட்டம்தான் திருத்த வேண்டும் என்று சபை சொல்லும். சனங்கள் போகிற ரோடு, சபைதான் திருத்த வேண்டும் என்று தோட்டம் சொல்லும். இவர்கள் மாறி மாறிக் கைகாட்டிய காலமெல்லாம் குழி நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தது. எந்த வண்டி வந்தாலும் அதில் ஒருமுறை விழுந்துதான் எழும்பும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அம்மாவும் அப்பாவும் ரப்பர் பால் வெட்டப் போயிருந்தார்கள். நான் ரோட்டோரத்தில் கிட்டி அடித்துக்கொண்டிருந்தேன். லயத்துக்குப் பின்னால் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தலைக்குச் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார். அப்போது ஸ்பீக்கர் முழங்கிற்று.

"அன்பான தோட்ட மக்கலே! பிரதேச சபை அரிவித்தல்! இன்று முதல், கலுத்துப்பட்டி இல்லாத..."

தொம்! த்ரீவீலர் குழியில் விழுந்தது. ஸ்பீக்கர் ஒருமுறை விக்கிற்று.

"...வீதியில் திரிந்தால், வாகனத்தில் பிடித்துக்கொண்டு போகப்படும்!"

சபை மூடாத குழி, சபையின் சொல்லொன்றை விழுங்கிவிட்டது. அது எந்தச் சொல் என்பது மத்தியானம் வரை எங்களில் யாருக்கும் தெரியாது. தமிழைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்து வாசித்த அந்த நல்ல மனிதருக்கும், தான் எதைத் தவறவிட்டோம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

கழுத்துப்பட்டி என்ற சொல் லயத்தில் யார் வாயிலும் வராது. எல்லாருக்கும் அது 'டை'தான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் பெரிய சார் தினமும் காலைக் கூட்டத்தில், "கழுத்துப்பட்டி இல்லாமல் ஒருத்தரும் பள்ளிக்கூடத்துக்கு வரப்படாது" என்று முழங்குவார். அவர் தயவில் எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். என் கழுத்துப்பட்டியோ, ஓடையில் மீன் பிடிக்கப்போய், மீனைக் கொடுக்காமலே ஓடையோடு போய்விட்டிருந்தது. ஆக, பெரிய சார் விஷயத்தைச் சபை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்! என்னைப் பிடிக்க வாகனமே வரப்போகிறது!

கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு ஓடினேன். கழுத்து தெரியாவிட்டால் பட்டி இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அந்த வயதில் சட்டத்தில் ஓட்டை தேடும் மூளை எனக்கு நன்றாகவே வேலை செய்தது. ரோட்டை விட்டு ரப்பர் மரங்களுக்கிடையே இறங்கினேன். எங்கோ தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டதற்கெல்லாம் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். சட்டை முழுக்க ரப்பர் பால். கடைசியில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடுவதற்காக எப்போதோ கட்டி, பாதிக் கூரை போனபின் கைவிட்ட புகைவீட்டுக்குள் நுழைந்தேன். இருட்டில் ஏதோ அசைந்தது. நான் கத்தினேன். அதுவும் கத்திற்று. என்னைவிடப் பலமாகவே கத்திற்று.

மாமா! தலையில் சோப்பு நுரை அப்படியே காய்ந்திருந்தது.

அவருடைய கதை இது. பீலித் தண்ணீர் காதில் இரைந்ததில் 'பட்டி' என்பது அவருக்கு 'அட்டை' என்று விழுந்திருக்கிறது. மாமாவுக்கு அடையாள அட்டை கிடையாது. அவர் பிறந்ததை யாரும் பதியவில்லை. பதியாதவர் பிறந்ததாகவே எந்த அரசாங்கக் கந்தோரும் ஒப்புக்கொள்ளவில்லை. யுத்த காலம். டவுனில் மணல்மூட்டைக்குப் பக்கத்தில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை மறித்து அட்டை கேட்பார்கள். பஜாரில் பலசரக்குக் கடையில் வேலை செய்த மாமா, தினமும் ஒரு பஸ் ஹோல்ட் முன்னதாகவே இறங்கி, ஆற்றோரமாகச் சுற்றிக் கடைக்குப் போவார். மாமாவுக்கு ஆறு என்றால் அவ்வளவு பிரியம் என்று நான் நினைத்திருந்தேன்.

"நீ எதுக்குடா இங்க வந்த?" என்றார் மாமா.

"வண்டியில சொன்னாங்கல்ல மாமா. எங்கிட்ட இல்லியே."

"சின்னப் பயடா நீ. ஒன்னையெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேக்குறாங்க மாமா! கேட்லயே நிப்பாட்டி கேக்குறாங்க. போன வாரம் என்னய முட்டி போட வச்சாங்க."

மாமாவின் முகத்தில் இருந்த ரத்தமும் போயிற்று. "முட்டியா? எவன்டா போட வச்சான்?"

"பெரிய சார்."

"பெரிய சாரேவா?" பெரிய சார் என்றால் மாமாவுக்குப் போலீஸ் பெரிய சார்தான். "அடிச்சானா?"

"ரெண்டே ரெண்டு."

மாமா என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரு டைக்காக இவ்வளவு இரக்கப்படுகிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஒங்களுக்கும் இல்லியா மாமா?"

"பொறந்ததுல இருந்தே இல்லடா."

பாவம் மனுஷன், ஒரு டைகூடக் கட்டிப் பார்க்காமல் இந்த வயதுக்கு வந்துவிட்டாரே! அந்தக் கணத்தில் என் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"நீங்க இங்கயே இருங்க மாமா. நான் போயி ரெண்டு பேருக்கும் கொண்டாறேன்."

"எங்கருந்துடா?"

"அம்மாவோட பெட்டியில இருந்து."

மாமா என் தோளைப் பிடித்தார். "அக்காகிட்டயா இருக்கு? என்னோடது அக்காகிட்டயா இருக்கு?"

"ஒங்களுக்கு ஏத்த மாதிரி பாத்து எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இந்தத் தடவை கழுத்தைப் பொத்தவில்லை. பிடித்தால் பிடிக்கட்டும், மாமாவுக்குக் கொண்டுவந்து கொடுக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மாவின் தகரப் பெட்டியில் எங்கள் பள்ளிக்கூட நிறத்திலேயே ஒரு நீல நைலக்ஸ் சேலை இருந்தது. கலியாண வீடுகளுக்கு மட்டும் அது வெளியே வரும். கத்தரிக்கோலை எடுத்தேன். எனக்கொன்று, மாமாவுக்குக் கொஞ்சம் நீளமாக ஒன்று. சேலையின் நடுவில் ஒரு ஜன்னல் விழுந்தது. மலை இறங்கி வந்த அம்மா அதற்குள்ளால் என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் புகைவீட்டுப் பக்கம் பறந்துவிட்டேன்.

மாமா இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார். கிழிந்துவிடுமோ என்பதுபோல, மடிப்பு மடிப்பாக, கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் பிடித்து விரித்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.

"என்னடா இது?"

"கழுத்துப்பட்டி மாமா. கட்டிக்கங்க. இனி ஒருத்தனும் ஒங்கள பிடிக்க மாட்டான்."

அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். நான் கட்டிவிட்டேன். முடிச்சு நன்றாக வரவில்லை.

வெளியே அப்பாவின் குரல் கேட்டது. ஸ்பீக்கர் சத்தம் மலையில் அவருக்கும் கேட்டிருக்கிறது. பால் கொடுத்த கையோடு சந்திக்கு இறங்கி, த்ரீவீலர்காரரிடம் நேரிலேயே கேட்டுவிட்டு, நான் ஓடிய பக்கத்தை அம்மாவிடம் விசாரித்து வந்திருந்தார்.

"வெளிய வாங்கடா ரெண்டு பேரும்! 'கவுத மாத்தயா அல்லன்னே?'ன்னு கேட்டேன். யாரப் பிடிக்கப் போறீங்கன்னு. 'பல்லோ'ங்கிறாரு! நாய்டா, நாய்! கழுத்துல பட்டி இல்லாத நாய! சபையில பேரு பதிஞ்சு பட்டி மாட்டணுமாம்!"

நாங்கள் வெளியே வந்தோம். நீல டைகளோடு நின்ற எங்கள் இரண்டு பேரையும் அப்பா மேலும் கீழும் பார்த்தார்.

மாமா கேட்டார்: "நாய மட்டுந்தானா மச்சான்?"

"இப்போதைக்கு" என்றார் அப்பா.

இதைவிட நல்ல பகிடியை நான் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நான் மட்டும்தான் சிரிக்கிறேன் என்பதைக் கவனிப்பதற்குள் அம்மா விறகுக் கட்டையோடு வந்து சேர்ந்தாள்.

சோறு சாப்பிடும்போது மாமா அம்மாவிடம் சொன்னார்: "நாய்க்குக்கூட பதிவு இருக்குக்கா. திங்கக்கெழம நான் கந்தோருக்குப் போறேன். இன்னக்கி இல்ல நாளக்கின்னு தொரத்தினா, மறுபடியும் போவேன். பதிஞ்சு தர்ற வரைக்கும் போவேன்."

"கடையில லீவு தருவாங்களாடா?" என்றாள் அம்மா.

"தரலன்னா வேற கட."

திங்கட்கிழமை விடியும்போதே மாமா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, தலை சீவிப் புறப்பட்டுவிட்டார். எனக்கோ பதற்றம். பதியப் போகிற மனிதர் பதிய வேண்டிய நாயை விட்டுவிட்டல்லவா போகிறார்! எங்கள் லயத்தில் எல்லார் வீட்டுச் சோறும் தின்று, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு செவலை நாய் இருந்தது. அதன் கழுத்தில் கயிற்றைப் போட்டு, வர மறுத்ததைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பஸ் ஹோல்டுக்கு ஓடினேன். மாமா ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"மாமா! நாய் இல்லாம எப்படிப் பதிவாங்க?"

மாமா திரும்பி, என்னையும் நாயையும் பார்த்தார்.

"நானே போதும்டா" என்றார். பஸ் எடுத்துவிட்டது.

எங்கள் மாமா கந்தோருக்குள் நுழைந்தாலே போதும், நாயைக் காட்டாமலே நாயைப் பதிந்து கொடுத்துவிடுவார்கள், பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் அவரை அவ்வளவு நன்றாகத் தெரியும் என்று அன்றைக்கு வகுப்பு முழுவதும் சொல்லித் திரிந்தேன்.