திரைக்குப் பின்னால் எடுத்த அளவு

அப்போதுதான் தேய்த்த துணிமேல் அளவு நாடாவை ஒருமுறை இழுத்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் தையல்காரர் ஜவ்பர் யாருக்கும் அளவெடுப்பார். கொட்டகலைக் குளிரில் நாடா சில்லென்று பட்டால் ஆட்கள் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள். குறுக்கிய தோளுக்கு எடுத்த அளவில் தைத்தால் சட்டை இறுக்கிப் பிடிக்கும்.

போன நவம்பரில் அவர், ஊர் ஊராகப் போய் மார்க்கம் சொல்லும் ஜமாஅத்தோடு நாற்பது நாள் போய்வந்தார். கடைத்தெருவில் அவர் முதல் ஆளில்லை. அவுலியாக்கள் பெயரில் பள்ளிவாசலில் போடும் கந்தூரிச் சோறு, மார்க்கத்தில் இல்லாதது என்று நின்று மூன்று வருடமாகியிருந்தது. சில்லறைக் கடைக்காரர், ரேடியோ திருத்துகிறவர் என்று ஒவ்வொருவராகத் தாடி வளர்த்தார்கள். கால்சட்டை கணுக்காலுக்கு மேல் ஏறியது. பெண்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மார்க்க வகுப்பு. மனைவி மிஸ்ரியா சேலையிலிருந்து உடல் மூடும் கறுப்பு அபாயாவுக்கு மாறினாள். ஜவ்பருக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. ஐந்து வேளையும் நேரத்துக்குத் தொழுதபோது மனம் காலையில் கழுவிவிட்ட சிமெந்துத் தரைபோல இருந்தது. இனி அந்நியப் பெண்களைத் தொட்டு அளவெடுப்பதில்லை என்று நிய்யத்து வைத்தார். கடைக்குள் ஒரு திரை கட்டினார். திரைக்குள்ளே மிஸ்ரியா அளந்து சொல்வாள். வெளியே இவர் எழுதிக்கொள்வார்.

பெப்ரவரியில் பூரணி வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மகள் கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் வயிற்றில் ஒப்பரேசன் என்று சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பக்கம் உள்ளே பஞ்சு வைத்து, யாரிடமும் மூச்சுவிடாமல் தைத்துக் கொடுத்தவர் ஜவ்பர்.

"நான் இப்ப பொம்பளைங்களுக்கு அளவு எடுக்கிறல்ல தங்கச்சி. உள்ளுக்கு மிஸ்ரியா ஈக்கிறா."

விஷயம் தெரியாமல் கூட வந்த லயத்துக்காரி நாகலெட்சுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாப்பது நாள்ல நாங்கல்லாம் நெருப்பாயிட்டோமா நானா? தீவாளிக்கு அளந்தப்ப சுடலையே!"

பூரணி சிரிக்கவில்லை. உடம்பு பாதியாக வற்றியிருந்தது. பழைய அளவு உதவாது. "அப்ப வேணாம் நானா. இருக்கிறதையே போட்டுக்கிறேன்" என்று துணிப்பையை எடுத்தாள்.

பந்தலில் அவள் தொளதொள ஜாக்கெட்டை முந்தானையால் மூடி மூடி நிற்பது ஜவ்பரின் கண்ணுக்குள் வந்தது. அல்லாஹ்விடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நாடாவோடு எழுந்தார். அதற்குள் மிஸ்ரியா திரையை விலக்கி வந்து, நாடாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வாங்க பூரணி."

பூரணி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

திரைக்குள்ளிருந்து எண்கள் வந்தன. தோள் பதினாலு. கை எட்டு. மார்பு முப்பத்திநாலு. மிஸ்ரியாவின் குரலில் ஒரு தடுமாற்றமில்லை. நாகலெட்சுமி போனை நோண்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்த பூரணி, "புதன்கிழமை வரவா நானா?" என்றாள், எப்போதும்போல.

பூரணியின் விஷயம் முன்பே தெரியுமா என்று, கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் ஜவ்பர் மனைவியிடம் கேட்டார். அவர் தைக்கிற ஜாக்கெட்டுகளுக்கெல்லாம் வீட்டிலிருந்து கொக்கி தைப்பது மிஸ்ரியாதான். பூரணியின் முதல் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்த அன்றே அந்தப் பஞ்சு அவள் விரலில் பட்டிருக்கிறது.

"நீங்க செல்லல்ல, நான் கேக்கல்ல" என்றாள்.