பிரான்ஸ் வந்தால் சொல்லு

எனக்கு ஒன்பது வயதில் பெல்ஜியத்திலுள்ள புரூஜ் பார்க்கப் போனோம். தெருவுக்குப் பதிலாகத் தண்ணீர் ஓடும் ஊர் அது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பிரான்ஸில் எங்கள் லா ஷப்பலில் குழாய் உடைந்தால்தான் தெருவில் தண்ணீர் ஓடும். நச்சரித்து அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

வான் வண்டியில் சித்தப்பாவும் ஏறியதுதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய அகதி வழக்கு அப்போது முடியவில்லை. பிரான்ஸுக்கு வெளியே பிடிபட்டால் அத்தனை வருடக் காத்திருப்பும் வீண். வன்னியிலிருந்து சித்தியைக் கூப்பிடுகிற கதையும் அத்தோடு சரி.

“அவன் ஒரு நாளாவது சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவாமல் இருக்கட்டும். எல்லையிலை ஒருத்தரும் மறிக்கிறேல்லை” என்றார் அப்பா.

இதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அன்று தெரிந்தது, சித்தப்பா முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு நித்திரை கொள்கிறார் என்பதுதான். குனிந்து பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன.

படகில் பாலங்களுக்கடியில் தலை குனிந்து போனோம். இந்த வீட்டுக்காரர்கள் குப்பையை எங்கே வைப்பார்கள் என்று கேட்டேன்; யாருக்கும் தெரியவில்லை. பிறகு கால்வாயோரமாக ஊருக்கு வெளியே போய், காற்றாலைக்குப் பக்கத்தில் புட்டும் கோழிக்கறியும் சாப்பிட்டோம். மாடுகள் வேலிக்கு வந்து வேடிக்கை பார்த்தன.

படமெல்லாம் சித்தப்பாவே எடுத்தார். ஒன்றிலும் அவர் இல்லாதது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. சைக்கிளில் வந்த ஒருவரை ஓடிப்போய் மறித்து, எங்கள் எல்லாரையும் ஒரு படம் எடுக்க முடியுமா என்று பிரெஞ்சில் கேட்டேன். அவர் பொலிஸ்காரர்.

சித்தப்பா விறைத்து நின்றார். அம்மாவின் நகம் என் தோளில் பதிந்தது. சிரிக்கச் சொன்னார் பொலிஸ்காரர். நான் மட்டும் சிரித்தேன். படம் எடுத்துத் தந்துவிட்டு அவர் தன்பாட்டில் போய்விட்டார். இப்போது செவ்ரானில் தங்கள் வீட்டில் சித்தி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

திரும்பும்போது சித்தப்பா என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். “பிள்ளை, பிரான்ஸ் வந்தால் சொல்லு. எனக்கு இந்த எழுத்துகள் விளங்காது.”

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பலகை பலகையாகப் பார்த்தேன். எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். கடைசியில் பிரெஞ்சில் ஒரு பலகை வந்தது.

“சித்தப்பா, வந்திட்டம்!”

அவர் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சும்மா இரும்” என்றார் அப்பா, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெல்ஜியத்திலும் ஒரு பாதிக்குப் பிரெஞ்சில்தான் பலகை வைப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.