நின்ற பிறகு சாகும் பேட்டரி

1. மாட்டு வண்டி இழுத்து வந்த கார்

மலாயாவில், ஈப்போவில், என் அக்கா கணவர் சாமுவேல் அத்தான் நடத்திய, நானும் வேலை பார்த்த மோட்டார் பட்டறைக்கு முன்னால் ஒரு காலையில் மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்குப் பின்னால் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு கார். காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தெருவே சிரித்தது. எதிர்க் காப்பிக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க எழுந்து வந்துவிட்டார்கள். அந்தப் பெண் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓரமா நிறுத்துங்க அண்ணே" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, கை பிரேக்கைப் போட்டு இறங்கினார். வலது மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

அவர் பெயர் நாகம்மா. பாரிட் புந்தார் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தொழில் பழகிய மருத்துவச்சி. லகாட் ஊருக்கு அப்பால் பரவிக் கிடந்த ரப்பர் தோட்டங்களில், கூலிகள் குடியிருந்த லயங்களில் பிரசவம் பார்த்து வந்தார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து இந்தப் பழைய காரை வாங்கி, தானே ஓட்டவும் பழகிக்கொண்டார். 1920களில் எங்கள் பக்கத்தில் கார் ஓட்டிய தமிழ்ப் பெண் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்துக் கார்களை முன்னால் கம்பி மாட்டிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சற்று வசதியான கார்களில் செல்ப் ஸ்டார்ட்டர் வந்திருந்தது. தரையில் உள்ள பொத்தானைக் காலால் மிதித்தால் பேட்டரி இன்ஜினைச் சுற்றிவிடும். நாகம்மாவின் காரில் அது இருந்தது. பேட்டரி செத்துப்போனால் மறுபடி கம்பிதான். அந்தத் தடவை அவர் கம்பியைச் சுற்றியபோது இன்ஜின் பின்னுக்கு உதைத்து மணிக்கட்டைத் திருப்பிவிட்டது.

"தம்பி, இந்தக் கை போனா என் பொழப்பே போச்சு. என்னான்னு பாத்து சொல்லு" என்றார் என்னிடம்.

அத்தான் காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "பேட்டரி ரோசாக்லா, கெட்டுப்போச்சு. பொம்பள கையில காடி குடுத்தா இப்படித்தான் ஆவும். புதுசு போடு அந்தோணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

2. புதுசும் போனது

புது பேட்டரி போட்டேன். டெர்மினல்களைச் சுரண்டித் துடைத்து கிரீஸ் தடவினேன். பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் கம்பியைக் கழற்றி, துருவைத் தேய்த்து மறுபடி முடுக்கினேன். இன்ஜினை ஓடவிட்டு டாஷ்போர்டில் அம்மீட்டரைப் பார்த்தேன். முள் சார்ஜ் பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்றது. டைனமோ வேலை செய்கிறது, பேட்டரி நிறைகிறது. எல்லாம் சரி என்று அனுப்பி வைத்தேன்.

சில நாளிலேயே கார் திரும்பி வந்தது. மாடு இல்லை, தெரிந்தவர் ஒருவரின் லாரி இழுத்து வந்தது. ஆசிட்டைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தேன். மூன்று அறையிலும் மிதவை அடியில் போய்க் கிடந்தது. புது பேட்டரி காலி.

"லைட்ட அணைக்காம விட்டிருப்ப" என்றார் அத்தான்.

"பட்டப்பகல்ல எவளாவது லைட்டு போடுவாளா?" என்று நாகம்மா கேட்டார். அத்தான் உள்ளே போய்விட்டார்.

பேட்டரியை சார்ஜில் போட்டேன். அவர் போகாமல் பட்டறை ஓரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமோ பேசுகிற மாதிரி சொன்னார்.

"போன தடவ தோட்டத்துல காடி கெளம்பல. அடுத்த தோட்டத்துல ஒருத்திக்கு வலி எடுத்து ஆள் வந்துருச்சு. கம்பி சுத்த ஆம்பள ஆளு ஒருத்தன குடுங்கன்னு கிராணிகிட்ட கேட்டேன். வேல நேரத்துல ஆள் தர முடியாதுன்னுட்டாரு. நானே சுத்தினேன், கை போச்சு. கடைசில நடந்தே போனேன். தாய காப்பாத்திட்டேன். புள்ள போயிருச்சு தம்பி."

கிராணி என்பவர் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர். துரைக்கு அடுத்து கூலிகளுக்குத் தெரிந்த அதிகாரம் அவர்தான். மருத்துவச்சிக்குத் தோட்டத்து லாரி வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்க வேண்டும். அவருக்கு மனம் இருந்தால் லாரி வரும், இல்லாவிட்டால் வராது. நாகம்மா சொந்தமாகக் கார் வாங்கியதும் அந்தப் பிடி அவர் கையை விட்டுப் போய்விட்டது. குழந்தை இறந்த மறுநாள், லயத்துக்கு நடுவில் நின்று கிராணி அவரிடம் சொன்னாராம்: "காடி காட்டிட்டு திரிஞ்சா இப்படித்தான். அத வித்துட்டு ஒழுங்கா லாரிக்கு வந்து நில்லு."

"விக்க மாட்டேன்" என்றார் நாகம்மா, கிராணி எதிரில் நிற்பது போலவே.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, எப்ப எப்ப இப்படி ஆவுது? கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க."

"கிட்டத்துல போனா ஒன்னும் ஆவறதில்ல. தூரமா போயி நிறுத்தினாத்தான் சாவுது."

உள்ளே இருந்து அத்தான் சத்தமாகச் சிரித்தார். "தூரம் ஓடுனா பேட்டரி நெறையுமா, கொறையுமா? கேளுடா அவங்கள!"

அத்தான் சொன்னதில் தப்பில்லை. தொழிலில் எல்லோரும் சொல்வது அதுதான். கார் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு சார்ஜ் ஏறும். ஆனால் அந்த அம்மா எங்களிடம் பொய் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்று அவர் பொய் சொல்ல வேண்டும், அல்லது எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தக் காரில் இருக்க வேண்டும். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

3. ஞாயிற்றுக்கிழமை

இரண்டு நாள் கழித்து அந்தக் கிராணியே பட்டறைக்கு வந்தார். தோட்டத்து லாரிகளுக்கெல்லாம் எங்களிடம்தான் ரிப்பேர். அத்தான் அவருக்குக் காப்பி வரவழைத்தார். பேச்சு என் காதில் விழுந்தது.

"அந்தப் பொம்பள காடி இனிமே ஆவாதுன்னு சொல்லிடு சாமுவேல். நான் எடுத்துக்கறேன்."

அவர் போன பிறகு அத்தான் என்னைக் கூப்பிட்டார். "கேட்டல்ல? டைனமோ, வயரிங், எல்லாம் போச்சுன்னு சொல்லிடு. வித்துடட்டும்."

"இன்னும் நான் பாத்து முடிக்கலயே அத்தான்."

"நான் சொல்லிட்டேன், முடிஞ்சது."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அத்தானும் அக்காவும் வீட்டுக்குப் போனார்கள். நான் அவர்களோடு போகாமல், சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டிக்கொடுத்து நாகம்மாவின் காரில் ஏறினேன். லீவு நாளில் நான் யாரோடு போனால் யாருக்கு என்ன?

லகாட் தாண்டி செம்மண் ரோட்டில் நல்ல வெயிலில் ஓடினோம். அம்மீட்டர் முள் வழியெல்லாம் சார்ஜ் பக்கமே நின்றது. தோட்டத்துக்குள் ஒரு மரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, நிறைமாசமாக இருந்த ஒரு பெண்ணைப் பார்க்க நாகம்மா லயத்துக்குள் போனார். நான் இறங்கவில்லை. அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்ஜின் நின்றால் முள் நடுவில் வந்து நிற்க வேண்டும். அது நடுவைத் தாண்டி மறுபக்கம் விழுந்து கிடந்தது. லைட் இல்லை, ஹாரன் இல்லை, எதுவும் ஓடவில்லை. ஆனாலும் பேட்டரியிலிருந்து கரண்ட் போய்க்கொண்டே இருந்தது.

பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜின் சூடு தணிந்தது. டைனமோவைத் தொட்டேன், கையைச் சுட்டது. நின்றுபோன டைனமோவுக்கு எங்கிருந்து சூடு?

அதற்குப் பக்கத்தில் கட்-அவுட் என்று ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் அது ஒரு கதவு மாதிரி. இன்ஜின் ஓடும்போது உள்ளே இருக்கும் இரண்டு பாயின்ட் ஒட்டிக்கொண்டு கரண்டைப் பேட்டரிக்கு விடும். இன்ஜின் நின்றால் பிரிந்துவிட வேண்டும். ஸ்பேனர் பிடியால் அந்த டப்பாவில் ஒரு தட்டு தட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய் முள்ளைப் பார்த்தேன். நடுவில் நின்றது.

எல்லாம் அப்போதுதான் விளங்கியது. தூரம் ஓடினால் டப்பா சூடாகிறது. தேய்ந்து குழி விழுந்த பாயின்ட்டுகள் சூட்டில் ஒட்டிக்கொள்கின்றன. இன்ஜினை நிறுத்தினாலும் விடுவதில்லை. பேட்டரியில் நிறைந்திருந்த கரண்டெல்லாம் வந்த வழியே டைனமோவுக்குத் திரும்பிப் போய் வீணாகிறது. பேட்டரி காலியானதும் பிடி தளர்ந்து பாயின்ட்டுகள் தாமாகவே பிரிந்துகொள்கின்றன. கார் பட்டறைக்கு வரும்போது எல்லாம் குளிர்ந்து சரியாக இருக்கும். குற்றம் செய்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போகிற திருடனைப் போல.

நாகம்மா வந்ததும் காட்டினேன். டப்பாவை உற்றுப் பார்த்தார்.

"ஓடும்போது அந்த முள்ள பாக்கத்தான் எனக்கு சொல்லிக் குடுத்தாங்க. நின்ன பிறகு பாக்கணும்னு யாரும் சொல்லல."

"எங்களுக்கும் யாரும் சொல்லல அக்கா."

"அப்ப நான் எதையும் மறக்கல."

"நீங்க எதையும் மறக்கல."

அவர் அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. முகம் சிவந்துவிட்டது. "இத்தினூண்டு டப்பா. இதுக்கா என்ன பொம்பள பொம்பளன்னு அத்தன பேச்சு பேசினானுங்க!"

4. தெருவில் செய்த ரிப்பேர்

திங்கட்கிழமை அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்க. இப்ப அத மூடி வெச்சுடு" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "கிராணிய பகைச்சா ஒரு லாரிகூட வராது. பட்டறைய மூடணும். உன் அக்கா புள்ளைங்க என்னத்த சாப்பிடும்? யோசிடா."

அதைக் கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பட்டறையில்தான் நான் சாப்பிட்டேன், தொழில் பழகினேன்.

"லயத்துல இருக்கறதும் புள்ளைங்கதான் அத்தான். இந்த மருத்துவச்சி போகலன்னா அங்க யாரு இருக்கா?"

"அந்தக் காடிய தொட்ட, இந்த வாசப்படிய நீ மிதிக்கக்கூடாது."

"சரி, வாசலுக்கு வெளியில வெச்சு செய்யறேன்."

காரை நான் தள்ள, காத்திருந்த நாகம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தார். காப்பிக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். என் சொந்தச் சாமான்களை எடுத்துக்கொண்டு போய், நடுத்தெரு வெயிலில் கட்-அவுட்டைத் திறந்தேன். பாயின்ட்டுகளுக்கு நடுவில் மெல்லிய அரத்தை விட்டுத் தேய்த்து மட்டமாக்கினேன். தளர்ந்துபோன ஸ்பிரிங்கை இறுக்கி, இடைவெளியைச் சரிசெய்து மூடினேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஒரு டம்ளர் காப்பி ஆறும் நேரம்தான் ஆனது.

அத்தான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் துடைத்தபோது, "அப்படியே போயிடு" என்றார். போய்விட்டேன்.

5. ஆபீஸ் வாசலில்

அன்றே என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய நாகம்மா நேராகத் தோட்டத்துக்குப் போகவில்லை. கார் நன்றாகச் சூடாகட்டும் என்று வேண்டுமென்றே சுற்று வழியில் ஓட்டினார். ரப்பர் பால் நிறுக்கிற நேரம் பார்த்து, கிராணியின் ஆபீஸ் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு லயத்துக்குப் போனார். பால் வாளிகளோடு ஆண்களும் பெண்களும் வரிசையில் நின்றார்கள்.

கிராணி வெளியே வந்தார். "என்னா அந்தோணி, இன்னிக்கு மாடு எங்க?"

நான் முள் நடுவில் நிற்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் நான் தேய்த்தது போதாமல் போனால், அங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நாகம்மா சாவகாசமாகத் திரும்பி வந்தார். காரில் ஏறி, சேலையை ஒதுக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கக் காலால் பொத்தானை மிதித்தார். ஒரே மிதிதான். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

வரிசையில் யாரோ ஒருவர் கத்திச் சிரித்தார். கிராணி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க, சிரிப்பு அடங்கியது. நாகம்மா அவரோடு பேசவே இல்லை. அவருக்குப் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வலி எடுத்தா எனக்கு நேரா ஆள் அனுப்புங்க. ஆபீசுல கேக்க வேணாம்லா."

கிராணி துரையிடம் புகார் சொல்லிப் பார்த்தார். தோட்டத்துப் பெட்ரோல் செலவில்லாமல் மருத்துவச்சி வந்து போவதில் துரைக்கு நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. நாகம்மா அந்தக் காரைப் பல வருஷம் ஓட்டினார். அதில் போய் அவர் கையில் ஏந்திய பிள்ளைகள் சிலர் இன்று லாரி ஓட்டுகிறார்கள்.

எனக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. லகாட் ரோட்டோரம் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினேன். முதல் கொஞ்ச காலம் சைக்கிள் டியூப் ஒட்டித்தான் வயிறு நிறைந்தது. அத்தானின் பட்டறை மூடவில்லை. ஆனால் கோயிலில் அவர் என் பெஞ்சில் உட்காருவதை விட்டுவிட்டார். அக்கா அவருக்குத் தெரியாமல் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். "ஒரு மன்னிப்பு கேட்டா முடிஞ்சிரும்டா" என்பாள் ஒவ்வொரு தடவையும். எதற்கு மன்னிப்பு என்று நான் கேட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இப்போது பட்டறைக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். கார் கிளம்பவில்லை என்று வந்தால் ஓட்டுகிறவரைக் குறை சொல்லத் தொடங்காதீர்கள். எப்போது, எங்கே, எவ்வளவு ஓடின பிறகு என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் படிப்புக்கு ஒத்துவராவிட்டால், கார் அவர் சொல்கிறபடி நடந்துகொள்ள என்ன வழி என்று தேடுங்கள். கண்டுபிடித்த பிறகு, அதை மறைக்கச் சொல்லி யார் வந்தாலும், சொந்த அத்தானே வந்தாலும், சாமானை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். தெருவிலும் ரிப்பேர் செய்யலாம்.