வெள்ளத்தாய் மேடம் போடும் கோடு

பலகையின் இடது ஓரத்தில் சாக்பீஸை வைத்தால், வலது ஓரம் போய்ச் சேரும்வரை வெள்ளத்தாய் கையை எடுப்பதில்லை. பலகையின் நீளம் பதினான்கு அடி. முகத்தை மாணவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நடந்தபடியே இழுக்கிறார். கோடு ஏறுகிறது, வளைகிறது, தணிகிறது. வழியில் மேசை குறுக்கிட்டால் இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறார். "கையை எடுத்தா கோடு அத்துப்போகும்லே. அத்த எடத்துல சரிவு என்னன்னு யாரும் கேக்க முடியாது" என்பார்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, சாலையோரக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குக் கால்குலஸ் நடத்துகிறார். வயது நாற்பத்தாறு. சேத்தூரில் விவசாயக் குடும்பம். கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டுவார். காலை 8.10 பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்காராமல், ஓட்டுநருக்குப் பின்னால் நின்று வேகம் காட்டும் முள்ளையும் வெளியே மரங்களையும் மாறி மாறிப் பார்த்து வருவார்.

நானும் அந்தப் பேருந்தில் இருந்த ஒரு நாள், ஓட்டுநர் பால்ச்சாமி கேட்டார்: "என்ன டீச்சரம்மா, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சேந்துட்டியளா?"

"ஒங்க முள்ளு ஓடலை அண்ணாச்சி. நாந்தான் வெளிய மரத்தைப் பாத்துப் பாத்து மனசுல அதை ஓட்டிக்கிட்டு வாரேன்."

வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். முதல் நாள் பாடம் கிடையாது. ஒவ்வொருவரிடமும் வீட்டில் என்ன வேலை என்று கேட்பார். கேட்டதை எங்கும் எழுதிவைக்க மாட்டார், மறக்கவும் மாட்டார். ஷெரினின் அம்மா நூல் மில்லில் கோனில் நூல் சுற்றுகிறவர். மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணை எழுப்பி, "ஏட்டி, மெஷினு ஒரே வேகத்துலதான நூல் விடுது? கோன் தடிக்கிறதும் ஒரே வேகமா?" என்று கேட்டார். ஷெரின் யோசித்து, "இல்ல மேடம். மொதல்ல வெரசாத் தடிக்கும். பெருசாகப் பெருசாக மெதுவாத்தான் ஏறும்" என்றாள். "ஒங்கம்மாவுக்கு இது எம்புட்டு வருசமாத் தெரியும்? இன்னைக்குத்தான் நமக்குப் பாடம்" என்று சொல்லிப் பலகையில் சமன்பாட்டை எழுதினார். எழுதி முடிக்கும் முன்பே பாதி வகுப்புக்குப் புரிந்திருந்தது. கடைசி பெஞ்சில் இருந்த எனக்கும் புரிந்தது. எனக்கு வயது எழுபத்தேழு.

நான் அங்கே உட்கார்ந்த கதை சிறியது. கல்லூரியை ஒட்டிய கண்மாயில் மடைக்குப் பக்கத்தில் ஓர் அளவுக்கல் நட்டிருக்கிறது. 1994 முதல் தினமும் காலை ஆறரைக்கு நீர்மட்டத்தைப் பார்த்து எழுதி வருகிறேன். பொதுப்பணித்துறை வேலையில் இருந்தவரை கடமையாக. ஓய்வுக்குப் பிறகு பழக்கமாக. அந்த நோட்டுகளைப் பாடத்துக்குக் கேட்டு வந்த வெள்ளத்தாய், என்னை வகுப்புக்கும் அழைத்தார். இதுவரை இருபத்து மூன்று வகுப்புகள் இருந்து பார்த்திருக்கிறேன்.

சென்ற செப்டம்பர் 10, புதன்கிழமை மாலை, 2019ஆம் ஆண்டு நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தார். மறுநாள் வகுப்பில் போட, பிப்ரவரி 20 முதல் மார்ச் 31 வரை நாற்பது நாள் அளவு வேண்டும் என்றார். நீர்மட்டத்தை அவர் படிக்கவே இல்லை. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். இரண்டு, ஒன்று, மூன்று, இரண்டு. பிறகு பென்சில் நின்றது. இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஐயா, மார்ச் ஒம்பதுலருந்து பத்தொம்பது வரைக்கும் நீங்க ஊர்ல இருந்தியளா?"

துண்டுத்தாளை என் பக்கம் திருப்பினார்.

"விடாம மூணு மூணா எறங்குது. தண்ணி இப்பிடி ஒழுங்கா எறங்காது ஐயா. மனுசந்தான் எறக்குவான்."

அந்தப் பதினொரு நாளும் மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காக மதுரையில் இருந்தேன். திரும்பி வந்தபோது மட்டம் முப்பத்தாறு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. பன்னிரண்டால் வகுத்து, நடுவில் இருந்த நாட்களை நிரப்பினேன். அதே பேனா, அதே கையெழுத்து. அந்த நோட்டைப் பொறியாளர்கள் பலர் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். யாரும் கேட்டதில்லை. இவரோ கண்மாய்க் கரையில் ஒரு நாளும் நின்றவர் அல்லர். நடந்ததைச் சொன்னேன்.

"எட்டாம் தேதியும் இருபதாம் தேதியும் நெசந்தான?"

"நெசம்."

"சரிங்கய்யா." நோட்டைப் பைக்குள் வைத்தார். வகுப்பில் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் சொல்லவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நாளைக்கு வருவியள்ல?" என்றார்.

போனேன். போகாமல் இருந்தால் முப்பத்தொரு வருட நோட்டுகளையும் மூடி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நாற்பது அளவுகளையும் நோட்டில் உள்ளபடியே பலகையில் எழுதிவிட்டு, "பக்கத்துப் பக்கத்து நம்பரைக் கழிச்சுக்கிட்டே வாங்க" என்றார். போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பாண்டிதுரைதான் முதலில் பிடித்தான்.

"மேடம், நடுவுல மட்டும் மூணு மூணா வருது. கண்மாய் கரெக்டா டூட்டி பாத்திருக்கு."

வகுப்பு சிரித்தது. "ஏலே, அளந்தவிய பின்னாடிதான் இருக்காவ" என்றாள் ஷெரின். சிரிப்பு நின்றது.

வெள்ளத்தாய் என் பக்கம் திரும்பவே இல்லை. சாக்பீஸை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். பெஞ்சைப் பிடித்து எழுந்தேன்.

"அந்தப் பதினோரு நாள் நான் அளக்கலை. ஊர்ல இல்ல. வகுத்து எழுதிட்டேன்."

பாண்டிதுரை பாதி எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

வெள்ளத்தாய் டஸ்டரைத் தேடவில்லை. அந்தப் பதினொரு எண்களையும் உள்ளங்கையால் அழித்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இடது ஓரம் போய், சாக்பீஸை வைத்து, எங்களைப் பார்த்தபடி நடக்கத் தொடங்கினார். கோடு மெல்லச் சரிந்து வந்தது. மார்ச் எட்டாம் தேதியில் கையை எடுத்தார். நடை நிற்கவில்லை. எடுத்த கையை அதே உயரத்தில் வைத்துக்கொண்டு, பதினொரு நாளின் அகலத்துக்கு வெறும் காற்றில் நடந்து, இருபதாம் தேதியில் கையைத் தாழ்த்திச் சாக்பீஸைத் திரும்பப் பலகையில் வைத்தார்.